பெட்டி கட்டுறதுக்கு முன்னாடி நோட்டீஸ் கொடு!

பிரிட்டனை விட்டுக் கிளம்பப் போறியா? கனடாவோ, ஆஸ்திரேலியாவோ, நம்ம ஊரோ, எங்கே போனாலும் நல்லா இரு. டிக்கெட் போட்டாச்சு, வீட்டுக்காரருக்குச் சொல்லியாச்சு, பிள்ளைங்க ஸ்கூலுக்கு லெட்டர் கொடுத்தாச்சு, காரையும் வித்தாச்சு. எல்லாம் சரி. சாமான் போட்டு வைக்க வாடகைக்கு எடுத்த ஸ்டோரேஜ் யூனிட்டுக்கு நோட்டீஸ் கொடுத்தியா?

"போறதுக்கு முந்தின நாள் சாமானை எடுத்துட்டு சாவியைப் போட்டுட்டு வந்துடலாம்க்கா" என்று சொல்லாதே. அப்படி நினைச்சவங்கதான் ஊர் போய்ச் சேர்ந்த பிறகு "இன்னும் இவ்வளவு பாக்கி" என்று மெயில் வந்து முழிக்கிறாங்க. சாமானை எடுக்கிறது ஒரு வேலை, ஒப்பந்தத்தை முடிக்கிறது வேறொரு வேலை. யூனிட் காலியாத்தான் கிடக்கும், ஆனா கம்பெனி கணக்குல நீ இன்னும் வாடகைக்காரிதான். பணம் மாசாமாசம் போய்க்கிட்டே இருக்கும்.

உனக்கு நேரம் இல்லைன்னு தெரியும். அவசரத்துல இருந்தா கீழே இருக்கற 3, 4, 8 மூணு பாயின்ட்டையும் மட்டுமாவது இப்பவே படி. மீதியை ராத்திரி பிள்ளைங்க தூங்கின பிறகு படிச்சுக்கோ.

1. ஒப்பந்தத்தைத் தேடி எடு. இன்னைக்கே.

கையெழுத்து போட்ட அன்னைக்கு வந்த மெயில்ல பி.டி.எஃப். இருக்கும். இல்லைன்னா கம்பெனிகிட்ட ஒரு பிரதி அனுப்பச் சொல்லு. பத்துப் பக்கத்தையும் படிக்க வேண்டாம். இதை மட்டும் தேடு:

• நோட்டீஸ் எத்தனை நாள்? பல இடத்துல 14 நாள், சில இடத்துல 28 நாள், அபூர்வமா 7 நாள். தோழி வேற கம்பெனியில வெச்சிருந்தா, அவ சொல்ற கணக்கு உனக்குப் பொருந்தாது.

• நோட்டீஸை எப்படிக் கொடுக்கணும்? மெயில் போதுமா, அவங்க வெப்சைட்ல இருக்கற ஃபாரத்தைத்தான் நிரப்பணுமா? போன்ல சொன்னது பெரும்பாலும் செல்லாது.

• வாடகை மாசக் கணக்கா, நாலு வாரக் கணக்கா? இதுல நிறைய பேர் ஏமாறுறாங்க. நாலு வாரத்துக்கு ஒரு தடவைன்னா வருஷத்துக்கு 13 தடவை பணம் போகும், 12 இல்லை. பில் தேதியும் ஒவ்வொரு மாசமும் நகர்ந்துக்கிட்டே இருக்கும்.

• காலி பண்ணினா, கட்டின பணத்துல மீதி நாளுக்குத் திருப்பித் தருவாங்களா? டெபாசிட் எப்போ வரும், என்னென்ன பிடிப்பாங்க?

இன்னொண்ணு தெரிஞ்சுக்கோ. இது வீட்டு வாடகை ஒப்பந்தம் மாதிரி இல்லை. பெரும்பாலும் 'லைசென்ஸ்' என்றுதான் தலைப்பே இருக்கும். வீட்டு டெபாசிட்டுக்கு அரசாங்க அங்கீகாரம் உள்ள பாதுகாப்புத் திட்டம் இருக்கே, அது ஸ்டோரேஜ் டெபாசிட்டுக்குக் கிடையாது. அதனால இந்தப் பணத்தை நீயேதான் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்துக்கணும்.

2. யார் பேர்ல இருக்கு, பாக்கி இருக்கா?

கணவர் பேர்ல ஒப்பந்தம் இருக்கும். மெயில் மனைவியோட ஐடியில இருந்து போகும். "கணக்கு வெச்சிருக்கறவர் சொல்லட்டும்" என்று பதில் வர்றதுக்குள்ள ஒரு வாரம் போயிடும். அந்த ஒரு வாரம் நோட்டீஸ் கணக்குல சேராது. பேர் யாருதோ அவங்க பதிவு பண்ணின மெயில்ல இருந்தே அனுப்பு.

பழைய பாக்கி இருந்தா அதை முதல்ல கட்டிடு. பாக்கி தீராம நோட்டீஸை ஏத்துக்க மாட்டோம்னு சில ஒப்பந்தத்துல எழுதியே வெச்சிருக்காங்க.

3. ஷிப்பிங் தேதியை நம்பி நோட்டீஸ் தேதி வைக்காதே

கடல் வழியா சாமான் அனுப்பறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம். "12ஆம் தேதி வண்டி வரும்" என்று பேக்கர்ஸ் சொல்வாங்க. கன்டெய்னர்ல இடம் இல்லை, டிரைவர் வரலை, லிஸ்ட்ல ஒரு பெட்டி கூடிடுச்சுன்னு அது 15ஆம் தேதிக்குத் தள்ளிப் போகும். நீ 12ஆம் தேதியோட முடியற மாதிரி நோட்டீஸ் கொடுத்திருந்தா, சாமான் உள்ளேயே இருக்கும்போது நோட்டீஸ் முடிஞ்சுடும். அப்போ சில கம்பெனி, "நீங்க காலி பண்ணலை, அதனால பழைய நோட்டீஸ் ரத்து, புதுசாக் கொடுங்க" என்று சொல்லிடும்.

அதனால வண்டி வர்ற தேதிக்கு மூணு நாலு நாள் பின்னாடி நோட்டீஸ் முடியற மாதிரி வை. நாலு வாரத்துக்கு 168 பவுண்ட் வாடகைன்னு வெச்சுக்கோ, ஒரு நாளைக்கு 6 பவுண்ட். நாலு நாள் கூடுதலா வெச்சா 24 பவுண்ட். நோட்டீஸ் ரத்தாகி இன்னொரு 14 நாள் ஓடினா 84 பவுண்ட். எது லாபம், நீயே சொல்லு. அதுவும் விமானம் ஏறப் போற வாரத்துல அந்தத் தலைவலி வேற எதுக்கு?

நோட்டீஸ் கொடுக்கும்போதே இந்த ஒரு கேள்வியையும் எழுத்துல கேட்டு வை: "வண்டி ஒண்ணு ரெண்டு நாள் தாமதமானா, அந்த நாளுக்கு மட்டும் வாடகை எடுப்பீங்களா?" சரின்னு பதில் வந்தா அதை அழிச்சிடாதே.

4. எழுத்துல கொடு, பதில் வாங்கு

ரிசப்ஷன்ல இருக்கற பொண்ணு சிரிச்ச முகமா "ஓகே, நோட் பண்ணிக்கிட்டேன்" என்று சொல்லும். அது நல்ல பொண்ணுதான். அடுத்த வாரம் அந்தப் பொண்ணு வேற கிளைக்கு மாறிப் போயிடலாம். அப்புறம் நீ சொன்னதுக்கு என்ன ஆதாரம்?

மெயில்ல இதெல்லாம் இருக்கணும். நீளமா எழுத வேண்டாம், எட்டு வரி போதும்:

• உன் முழுப் பேர், யூனிட் நம்பர், கணக்கு நம்பர்.
• இன்னைக்குத் தேதி. "இந்த மெயிலையே நோட்டீஸாக எடுத்துக்கொள்ளவும்" என்ற வரி.
• ஒப்பந்தத்துல எந்த விதிப்படி, எத்தனை நாள், அதனால எந்தத் தேதியோட முடியுது.
• கடைசி பில் எவ்வளவு, திரும்பி வரவேண்டியது எவ்வளவு என்று கணக்குப் போட்டு அனுப்பச் சொல்ற வரி.
• வெளிநாட்டுல நீ இருக்கப் போற முகவரி, வேலை செய்யற மெயில் ஐடி. இதை ஏன் கொடுக்கணும்னு எட்டாவது பாயின்ட்ல சொல்றேன், அது வரைக்கும் என் பேச்சைக் கேட்டுக் கொடுத்துடு.
• "கிடைத்தது என்று பதில் அனுப்பவும்" என்ற கடைசி வரி.

ரெண்டு வேலை நாள்ல பதில் வரலைன்னா சும்மா இருக்காதே. அதே மெயிலை மறுபடி அனுப்பு, போன் பண்ணு, யார்கிட்டப் பேசினே, எத்தனை மணிக்குன்னு குறிச்சு வை. வெப்சைட் ஃபாரம்னா, அனுப்பின உடனே வர்ற பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடு. ஆபீஸ் மெயில் ஐடியில இருந்து மட்டும் அனுப்பிடாதே. வேலையை விட்டுப் போற அன்னைக்கே அந்த மெயில் பெட்டி மூடிடும், ஆதாரமும் அதோட போயிடும்.

5. காலி பண்ற அன்னைக்கு

பூட்டு. முதல்ல அதைத்தான் கேட்பேன். உன் சொந்தப் பூட்டைக் கதவுலேயே மாட்டிட்டு வந்தா, உள்ளே ஒண்ணுமே இல்லைன்னாலும் 'இன்னும் காலி பண்ணலை' என்றுதான் கணக்கு. நாட்கணக்குல வாடகை ஓடும், பூட்டை வெட்டினதுக்குத் தனி பில் வரும். பூட்டைக் கழட்டு, கையில எடு, பையில போடு.

பிறகு உள்ளே ஒரு தடவை பெருக்கு. கிழிஞ்ச அட்டைப் பெட்டி, டேப் சுருள், உடைஞ்ச அலமாரிப் பலகை, "இதை யாராவது எடுத்துப்பாங்க" என்று விட்டுட்டு வர்ற பழைய மெத்தை, எதுவும் இருக்கக் கூடாது. விட்டுட்டு வந்த ஒவ்வொரு சாமானுக்கும் அப்புறப்படுத்தற கூலி உன் டெபாசிட்ல இருந்துதான் போகும். மெத்தையைத் தூக்கிப் போடக் கடைசி நாள்ல வழி தேடாதே, கவுன்சில்ல பெரிய சாமான் எடுக்கறதுக்கு முன்கூட்டியே புக் பண்ணணும்.

அப்புறம் போனை எடுத்து வீடியோ பிடி. கதவு மேல இருக்கற யூனிட் நம்பர்ல ஆரம்பிச்சு, நாலு சுவர், தரை, பூட்டு இல்லாத கதவுன்னு ஒரே ஓட்டமா எடு. ஒரு நிமிஷ வேலை. அதை அங்கேயே நின்னு கம்பெனிக்கு மெயில் பண்ணு: "இன்று காலி செய்துவிட்டேன், பூட்டு அகற்றப்பட்டது." ரிசப்ஷன் திறந்திருக்கற நேரத்துலேயே போ. கேட் ராத்திரி வரைக்கும் திறக்கும், ஆனா ஆபீஸ் சாயங்காலமே மூடிடும். ஆள் இருந்தா ஒருத்தரைக் கூட்டிட்டுப் போய்க் காட்டி, காலின்னு எழுதி வாங்கு.

நீ முன்னாடியே பறந்துட்டு, தம்பியோ சிநேகிதியோ வந்து காலி பண்ணப் போறாங்களா? அவங்க பேரை எழுத்துப்பூர்வமா முன்கூட்டியே கொடுத்து வை. கேட் கோடு மட்டும் சொல்லி அனுப்பினா பத்தாது, ஐடி கேட்டுத் திருப்பி அனுப்பிடுவாங்க. ஈஸ்ட் ஹாம்ல இருந்து வேன் வாடகைக்கு எடுத்துட்டு வந்தவன் வெறுங்கையோட திரும்பினா, வேன் வாடகையும் உன் தலையிலதான்.

6. சாமான் உள்ளே இருக்கும்போது பணத்தை நிறுத்தாதே

இந்தத் தப்பைத்தான் கோபக்காரங்க எல்லாரும் செய்யறாங்க. "நியாயமில்லாம கேக்கறாங்க, நான் கட்ட மாட்டேன்" என்று டைரக்ட் டெபிட்டை நிறுத்திடுவாங்க. நிறுத்தினா என்ன ஆகும் தெரியுமா? கம்பெனி உன் கதவுல அவங்க பூட்டை ஒண்ணு கூடப் போடும். உன்னால உள்ளே போக முடியாது. பாக்கி தீரற வரைக்கும் சாமானைப் பிடிச்சு வைக்கவும், முறைப்படி அறிவிப்பு கொடுத்துட்டு அதை வித்துப் பணத்தை எடுத்துக்கவும் ஒப்பந்தத்துல உரிமை எழுதி வாங்கியிருப்பாங்க. அம்மா கொடுத்த குத்துவிளக்கும், கொலு பொம்மையும், பிள்ளைங்க போட்டோ ஆல்பமும் உள்ளே இருக்கு. 100 பவுண்ட் சண்டைக்கு அதைப் பணயம் வைக்காதே.

சாமான் உள்ளே இருந்தா கட்டு. கட்டும்போதே, "ஆட்சேபத்தோடு கட்டுகிறேன், என் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை" என்று ஒரு மெயில் போடு. சாமான் பத்திரமா வெளியே வந்த பிறகு சண்டை போடு, நான் உன் பக்கம்.

வெளியே வந்ததும் அடுத்த தவறு: டைரக்ட் டெபிட்டை ரத்து பண்ணிட்டா ஒப்பந்தமே முடிஞ்சுபோச்சுன்னு நினைக்கிறது. இல்லை. பணம் போற குழாயைத்தான் நீ மூடினே, கடன் அப்படியே இருக்கும். கடைசி பில் சரியாகி, திரும்பி வர வேண்டியதும் வந்த பிறகு ரத்து பண்ணு.

கடைசி பில்லுக்கு மேல தப்பா எடுத்துட்டாங்கன்னா, டைரக்ட் டெபிட் கேரன்டிப்படி உன் வங்கியைக் கேளு. தவறா எடுத்த பணத்தை வங்கி முழுசா, உடனே திருப்பித் தரணும். ஆனா நியாயமா கட்ட வேண்டிய பணத்துக்கு இதைக் கேட்டு வாங்கினா திருப்பிக் கட்டத்தான் வேணும், அதனால பொய்யாக் கேக்காதே. கார்டுல தானா எடுக்கற ஏற்பாடுன்னா, அடுத்த பணம் போறதுக்கு முந்தின வேலை நாள் முடியறதுக்குள்ள வங்கிக்குச் சொன்னா நிறுத்தணும். "கம்பெனியைத்தான் கேக்கணும்" என்று கவுன்ட்டர்ல சொன்னா நகராதே. வங்கிக்கு அந்தக் கடமை இருக்கு.

7. அவங்க கேக்கற பணம் நியாயமா?

முதல்ல உன்னையே நேர்மையாக் கேட்டுக்கோ. 14 நாள் நோட்டீஸ்னு ஒப்பந்தத்துல தெளிவா இருக்கு, நீ கொடுத்தது 5 நாள். அப்போ மீதி 9 நாள் வாடகை நீ கொடுக்க வேண்டியதுதான். புது வேலையில சீக்கிரம் சேரச் சொன்னாங்க, விசா திடீர்னு வந்துச்சு, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, இதெல்லாம் உண்மையான கஷ்டம். ஆனா சட்டப்படி விலக்கு இல்லை. தன்மையாப் பேசி, "யூனிட் உடனே வேற ஒருத்தருக்குப் போயிட்டா அந்த நாளைக் குறைச்சுக்குவீங்களா?" என்று மேனேஜரைக் கேளு. மனசு வந்தா குறைப்பாங்க. வரலைன்னா கட்டிட்டு நிம்மதியாக் கிளம்பு.

ஆனா கீழே சொல்றதெல்லாம் வேற. இதுக்குத் தலையாட்டிட்டு வராதே.

• ஒரே நாளுக்கு ரெண்டு தடவை. நோட்டீஸ் காலத்துக்கு வாடகை கட்டிட்டே. அதுக்கு மேல 'நோட்டீஸ் கட்டணம்' என்று தனியா ஒரு வரி பில்லுல இருக்கும். அது எந்த நாளுக்கு, எந்த விதிப்படின்னு கேளு. பெரும்பாலும் நோட்டீஸ் பணம்னா அந்த நாளுக்கான வாடகைதான்.

• 14 நாளுக்குப் பதில் முழு 28 நாள். ஒரு கணக்கு சொல்றேன், உன் தேதியைப் போட்டு நீயும் போட்டுப் பாரு. மார்ச் 3ஆம் தேதி நோட்டீஸ் கொடுத்தே, 17ஆம் தேதி முடியுது. நடுவுல 10ஆம் தேதி அடுத்த நாலு வாரத்துக்கு 168 பவுண்ட் எடுத்துட்டாங்க. 10ல இருந்து 17 வரைக்கும் 8 நாள், 48 பவுண்ட். மீதி 120 பவுண்ட். மீதியைத் தருவோம்னு ஒப்பந்தத்துல இருந்தா, கேட்டு வாங்கு. தரமாட்டோம்னு எங்கேயோ பொடி எழுத்துல இருந்தா, அந்த விதி நியாயமான்னு கேள்வி கேக்கலாம்.

• "நாங்க பதில் அனுப்பின தேதியில இருந்துதான் நோட்டீஸ்." நீ அனுப்பின தேதியா, அவங்க படிச்ச தேதியான்னு ஒப்பந்தத்துல தெளிவா இல்லையா? ரெண்டு அர்த்தம் வர்ற விதிக்கு, வாடிக்கையாளருக்குச் சாதகமான அர்த்தத்தைத்தான் எடுக்கணும். 2015ஆம் வருஷத்து கன்ஸ்யூமர் ரைட்ஸ் ஆக்ட், 69ஆம் பிரிவு.

• தானாவே நீட்டிச்ச ஒப்பந்தம். ஆறு மாசத்துக்குன்னு எடுத்தே, முடியறதுக்கு ரொம்ப நாள் முன்னாடியே சொல்லாததால இன்னொரு ஆறு மாசம் நீட்டிச்சுட்டோம்னு சொன்னா, அளவுக்கு மீறி முன்கூட்டியே கெடு வைக்கிறது நியாயமில்லாததா இருக்கலாம்னு அதே சட்டத்தோட 2ஆம் அட்டவணை பட்டியல் போட்டிருக்கு. நஷ்டத்துக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிய தொகையைத் தண்டமாக் கேக்கறதும் அந்தப் பட்டியல்ல இருக்கு.

• அப்புறமா வந்த புது விதி. நீ கையெழுத்து போட்டப்போ 14 நாள், இப்போ வெப்சைட்ல 28 நாள். மாத்தினதை உனக்கு எப்போ, எப்படித் தெரிவிச்சாங்கன்னு காட்டச் சொல்லு.

• கட்டாய இன்ஷூரன்ஸ். காலி பண்ணின பிறகும் வாரா வாரம் ஓடிக்கிட்டிருக்கும், யாரும் கவனிக்க மாட்டாங்க. அது நின்னுதான்னு பாரு.

மேல சொன்ன சட்டத்துல 62ஆம் பிரிவுதான் உன் கைத்தடி: நியாயமில்லாத விதி வாடிக்கையாளரைக் கட்டுப்படுத்தாது. மெயில்ல அந்தப் பிரிவோட நம்பரை எழுது. அழுது புலம்பி மூணு பக்கம் எழுதறதைவிட, பிரிவு நம்பர் போட்ட ஒரு வரிக்கு சீக்கிரம் பதில் வரும்.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பாதுகாப்பு வீட்டுச் சாமான் வெச்ச தனி மனுஷங்களுக்குத்தான். வீட்டுலேயே புடவை வியாபாரம் பண்ணி, அந்தச் சரக்கை வைக்கக் கம்பெனி பேர்ல யூனிட் எடுத்திருந்தா இந்தச் சட்டம் துணைக்கு வராது. அப்போ ஒப்பந்தத்துல என்ன இருக்கோ அதுதான், அதனால இன்னும் ஜாக்கிரதையா இரு.

அதே மாதிரி, பில்லுல வாட் 20 சதவீதம் இருக்கேன்னு சண்டைக்குப் போகாதே. செல்ஃப் ஸ்டோரேஜுக்கு 2012 அக்டோபர் 1ல இருந்து வாட் உண்டு. அது கம்பெனி போட்ட கட்டணம் இல்லை.

யார்கிட்டப் புகார் பண்றது? முதல்ல கிளை மேனேஜர், பிறகு தலைமை அலுவலகத்துப் புகார்ப் பிரிவு. தலைப்புலேயே 'புகார்' என்று போட்டு, எவ்வளவு பணம், ஏன், எத்தனை நாள்ல பதில் வேணும்னு எழுது. 14 நாள் கொடுத்தா போதும். வங்கிக்கும் கரன்ட் கம்பெனிக்கும் இருக்கற மாதிரி கட்டாய ஆம்பட்ஸ்மன் இந்தத் தொழிலுக்குக் கிடையாது. கம்பெனி செல்ஃப் ஸ்டோரேஜ் அசோசியேஷன்ல உறுப்பினரா இருந்தா அங்கேயும் எழுதிப் பாரு. கிரெடிட் கார்டுலயோ டெபிட் கார்டுலயோ கட்டியிருந்தா, வங்கிகிட்ட 'சார்ஜ்பேக்' கேளு. அதுக்குக் கெடு உண்டு, ஊர் போய் செட்டில் ஆன பிறகு பார்த்துக்கலாம்னு தள்ளிப் போடாதே.

இங்கிலாந்துலயும் வேல்ஸ்லயும் இருக்கறவங்க சிட்டிசன்ஸ் அட்வைஸ் நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் பண்ணலாம்: 0808 223 1133. இலவசம். கிளம்பறதுக்கு முன்னாடியே பண்ணிடு, 0808 எண்ணை வெளிநாட்டுல இருந்து கூப்பிடறது கஷ்டம்.

8. புது முகவரியை மறைக்காதே

"முகவரி கொடுத்தா துரத்திட்டு வருவாங்க" என்று பயந்து பழைய ஹாரோ முகவரியையே விட்டுட்டுப் போறவங்களை நிறையப் பார்த்திருக்கேன். உண்மையான ஆபத்தே அதுலதான் இருக்கு. கவனமாக் கேளு.

இங்கிலாந்துலயும் வேல்ஸ்லயும் கம்பெனி உன் மேல கோர்ட்டுல பணம் கேட்டு வழக்குப் போட்டா, காகிதம் உனக்குக் கடைசியாத் தெரிஞ்ச முகவரிக்குப் போகும். அங்கே நீ இல்லை. புதுசாக் குடிவந்தவங்க அதைக் குப்பையில போடுவாங்க. பதில் சொல்லக் கிடைக்கறது கொஞ்ச நாள்தான். நீ பதில் சொல்லலைன்னா, விசாரணை இல்லாமலேயே உன் மேல தீர்ப்பு ஆகிடும். அதைத்தான் சி.சி.ஜே. என்று சொல்றாங்க. அது ஆறு வருஷம் பதிவுல நிக்கும். நாளைக்குப் பிள்ளை படிப்புக்காகவோ வேலைக்காகவோ திரும்பி வந்து வீடு வாடகைக்குக் கேட்டா, வீட்டுக்கடன் கேட்டா, ஏதோ ஒரு 150 பவுண்ட் ஸ்டோரேஜ் பஞ்சாயத்து வந்து குறுக்கே நிக்கும்.

இப்போ நீ எழுத்துல "இந்தத் தேதிக்கு மேல அந்த வீட்டுல இல்லை, என் புது முகவரி இது" என்று கொடுத்துட்டா? நீ அங்கே இல்லைன்னு தெரிஞ்சும் பழைய முகவரிக்கே அனுப்பினோம்னு அவங்க சும்மா சொல்லிட முடியாது. இப்போதைய முகவரியைக் கண்டுபிடிக்க முயற்சி எடுக்கணும்னு கோர்ட் விதியே இருக்கு. முகவரி கொடுக்கறதுதான் உனக்குப் பாதுகாப்பு.

அதோட இதையும் செய்:

• ராயல் மெயில் ரீடைரக்ஷன் போடு. 3 மாசம், 6 மாசம், 12 மாசம்னு இருக்கு, வெளிநாட்டு முகவரிக்கும் அனுப்புவாங்க. பண விஷயம் பாக்கி இருந்தா 12 மாசமே போடு.

• சிநேகிதி வீட்டு முகவரியைக் கொடுத்தா, "என் பேர்ல எது வந்தாலும் பிரிச்சு போட்டோ எடுத்து அனுப்பு" என்று தெளிவாச் சொல்லு. அடுத்தவங்க கடுதாசியைப் பிரிக்கக் கூடாதுன்னு மரியாதையா அடுக்கி வெச்சுக் காத்திருப்பாங்க, பாவம்.

• வங்கிக் கணக்கை அவசரப்பட்டு மூடாதே. டெபாசிட் அங்கேதான் வரணும்.

• பிரிட்டன் போன் நம்பரைக் கொஞ்ச மாசம் உயிரோட வை. வங்கி ஓ.டி.பி. அதுக்குத்தான் வரும். மாசக் கட்டண சிம்மை பே அஸ் யூ கோவுக்கு மாத்திக்கோ.

9. கடன் வசூல் கம்பெனி லெட்டர் வந்தா

சிவப்பு எழுத்துல மிரட்டி வரும். நடுங்காதே, குப்பையிலயும் போடாதே. கடன் வசூல் கம்பெனி கோர்ட் இல்லை. சாமானைத் தூக்கறதுக்கு அவங்களுக்கு அதிகாரம் கிடையாது. "இந்தத் தொகையை ஏத்துக்கலை, காரணம் இது, ஆதாரம் அனுப்புங்க" என்று ஒரே ஒரு மெயில் போடு. வீடியோ, நோட்டீஸ் மெயில், அவங்க பதில் மூணையும் சேர்த்து அனுப்பு.

கடனுக்கு வழக்குப் போடறதுக்கு முன்னாடி முறைப்படி ஒரு முன்னறிவிப்புக் கடிதம் அனுப்பணும், அதுக்குப் பதில் சொல்ல 30 நாள் உண்டு. அந்தக் கடிதம் வந்தா, அதோட வர்ற பதில் ஃபாரத்துல 'இந்தக் கடனை மறுக்கிறேன்' என்ற கட்டத்தை நிரப்பி, கெடுவுக்குள்ள அனுப்பு. இதை மட்டும் தள்ளிப் போடாதே.

தீர்ப்பே ஆகிடுச்சுன்னு தெரிய வந்தா ரெண்டு வழி. பணம் நியாயமானதுதான்னா, தீர்ப்பான ஒரு மாசத்துக்குள்ள முழுசாக் கட்டிடு, பதிவுல இருந்தே எடுத்துடுவாங்க. நியாயமில்லைன்னா, காகிதமே எனக்கு வரலைன்னு தீர்ப்பை ரத்து பண்ணச் சொல்லி மனு போடலாம். அதுக்குக் கட்டணம் உண்டு, தெரிஞ்ச உடனே செய்யணும். பழைய முகவரியை விட்டுட்டேன்னு எழுதிக் கொடுத்த மெயில்தான் அங்கே முதல் ஆதாரம்.

ஸ்காட்லாந்துல கோர்ட் முறை வேற. கிளாஸ்கோ, எடின்பரோ பக்கம் இருக்கறவங்க அங்கே இருக்கற ஆலோசனை மையத்துல கேட்டுக்கோங்க.

10. விமானம் ஏறறதுக்கு முன்னாடி

கம்பெனிகிட்ட இருந்து ஒரு மெயில் உன் கையில இருக்கணும்: ஒப்பந்தம் இந்தத் தேதியோட முடிஞ்சது, பாக்கி பூஜ்யம், டெபாசிட் இவ்வளவு, இந்தத் தேதிக்குள்ள வரும். கேட்டா தருவாங்க, கேக்காதவங்களுக்குத்தான் வராது. அந்த மெயில், ஒப்பந்தம், நோட்டீஸ், வீடியோ நாலையும் போன்ல ஒரே ஃபோல்டர்ல போட்டு, கணவருக்கோ மனைவிக்கோ ஒரு பிரதி அனுப்பி வை. அந்த ஃபோல்டரை ஆறு வருஷம் அழிக்காதே. ஒப்பந்தப் பாக்கிக்கு இங்கிலாந்துல வழக்குப் போடற கெடு அவ்வளவு வருஷம்.

இன்னும் நோட்டீஸ் கொடுக்கலைன்னா, ராத்திரிச் சமையல் கொஞ்சம் தாமதமானாலும் பரவாயில்லை. உட்கார்ந்து அந்த எட்டு வரி மெயிலை இப்பவே அனுப்பிட்டு எழுந்திரு.